மீன் தலைக்கு ஒரு சட்டம்

ஒரு சூரையைத் துண்டு போட்டால் அதன் எடையில் ஏறக்குறைய பாதிதான் விற்கும் துண்டாகக் கைக்கு வரும். மற்றப் பாதி தலை, நடுமுள், செவுள், குடல், செட்டை, தோல், முள்ளை ஒட்டிக் கிடக்கும் கருஞ்சிவப்புச் சதை. இறாலில் தலை மட்டுமே எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கிட்ட வரும். கோழியை உரித்தால் இறகு, இரத்தம், குடல், தலை, கால் என்று மூன்றில் ஒரு பங்கு ஒதுங்கிவிடும். புத்தளம் மாவட்டக் கரையில் இந்த மூன்றும் ஒன்றாகக் குவிகின்றன. கற்பிட்டியிலும் சிலாபத்திலும் படகு மீன் இறங்குகிறது. உடப்பில் கரைவலை இழுக்கிறார்கள். புத்தளம், முந்தல், சிலாபம் களப்புகளைச் சுற்றி இறால் பண்ணைகள். மாவட்டத்தின் தெற்கிலும் உள்நாட்டிலும் கோழிப் பண்ணைகள்.

ஒதுங்கிய பங்கு எங்கே போகிறது? நல்ல தலை கறிக்குப் போகும். உடைந்த மீனும் சிறு மீனும் கருவாட்டு வாடிக்குப் போகும். அதற்கும் ஆகாதது மீன்தூளாகித் தீவனத்தில் கலக்கும். கொஞ்சம், சந்தையில் "நாய்க்கு" என்று கேட்டு வாங்குபவரின் பையில் ஏறும். எஞ்சியது காகத்துக்கும் கட்டாக்காலி நாய்க்கும் களப்புக்கும்.

நாம் வளர்க்கும் நாயும் பூனையும் உலகமெங்கும் உயிர் வாழ்வது பெரும்பாலும் இந்த ஒதுங்கிய பங்கினால்தான். படம் போட்ட பளபளப்பான பையில் வரும் உணவாக இருந்தாலும், சட்டியில் அவித்த மீன் தலையாக இருந்தாலும் மூலப்பொருள் ஒன்றே: மனிதர் தமக்கென்று எடுத்துக்கொண்ட பின் விலங்குடலில் எஞ்சியது. ஆகவே இதைக் கேவலமாகப் பேசுவதில் பொருளில்லை. அதே எச்சம் ஒரு நாட்டில் பசுக்களைக் கூட்டமாகக் கொன்றிருக்கிறது, இன்னொரு நாட்டில் புலிகளைக் கொன்றிருக்கிறது. அதனால் இதைச் சட்டமில்லாமல் விட்டுவிடவும் முடியாது. எச்சம் உணவாகுமா நஞ்சாகுமா என்பதை அது வந்த உடலும், வெட்டியபின் கழிந்த நேரமும், பட்ட சூடும் சேர்ந்து முடிவு செய்கின்றன. சட்டம் கவனிக்க வேண்டியது இந்த மூன்றையும்தான்.

பூனையின் இதயம்

முதலில் எச்சத்தின் நல்ல பக்கத்தைப் பார்ப்போம். டோரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. இதயத் தசைக்கும் கண்ணின் விழித்திரைக்கும் அது வேண்டும். நாமும் நாயும் அதை வேறு அமினோ அமிலங்களிலிருந்து உடலுக்குள்ளேயே செய்துகொள்கிறோம். பூனையால் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது. அதற்கு இரையிலிருந்தே வர வேண்டும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 1987-இல்தான் தெரியவந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் போல் பியோன் என்ற மிருக வைத்தியரும் அவருடைய குழுவினரும், இதயம் பெருத்துச் சுவர் தளர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்த பூனைகளை ஆராய்ந்தார்கள். அவை பட்டினி கிடந்த பூனைகள் அல்ல. கடையில் வாங்கிய நல்ல விலை உணவைத் தின்றவை. அவற்றின் இரத்தத்தில் டோரின் மிகக் குறைவாக இருந்தது. டோரினை வாய்வழியாகக் கொடுத்தார்கள். தளர்ந்த இதயம் திரும்பவும் ஒழுங்காகச் சுருங்கத் தொடங்கியது. அதன்பின் பூனை உணவு செய்யும் நிறுவனங்கள் டோரின் அளவைக் கூட்டின. கூட்டம் கூட்டமாகப் பூனைகளை வீழ்த்திய ஒரு நோய் சில ஆண்டுகளில் அரிதாகிவிட்டது.

டோரின் சோற்றிலும் இல்லை, தேங்காய்ப்பூவிலும் இல்லை. மட்டியில், கணவாயில், இறாலில், சூரையின் கருஞ்சிவப்புச் சதையில், கோழியின் இதயத்தில் நிறைந்திருக்கிறது. அதாவது நம் கரையில் ஒதுக்கி வைக்கப்படும் பாத்திரத்தில்தான் பூனைக்கு வேண்டியது இருக்கிறது. தாய்லாந்துக்காரர்கள் இதை எப்போதோ தொழிலாக்கிவிட்டார்கள். அங்கே சூரையைத் தகரத்தில் அடைக்கும் ஆலைகள் வெள்ளைச் சதையை மனிதருக்கும் கருஞ்சதையைப் பூனைக்கும் பிரித்து அனுப்புகின்றன. இன்று செல்லப்பிராணி உணவை ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளில் ஒன்றாகத் தாய்லாந்து இருப்பதற்கு அந்தக் கருஞ்சதை ஒரு முக்கிய காரணம்.

வீட்டுக்காரருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. டோரின் நீரில் கரையும். மீன் தலையை அவித்து, நீரைச் சாய்த்துவிட்டுச் சக்கையை மட்டும் வைத்தால் பூனைக்குப் போக வேண்டியதில் பெரும் பங்கு வாய்க்காலுக்குப் போய்விடும். அவித்த நீரோடு சேர்த்துச் சோற்றைப் பிசைந்து வைக்கும் நம் ஊர்ப் பழக்கம் விஞ்ஞானப்படியும் சரியானது. உப்பும் மிளகாயும் சேராமல் இருந்தால் போதும்.

வெயில் எழுதும் கணக்கு

இனி மறுபக்கம். வெட்டுமேசைப் பக்கம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். துண்டு ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிக்குள் போகிறது. தலையும் குடலும் மேசைக்குக் கீழே இருக்கும் பேசினுக்குள் விழுகின்றன. அந்தப் பேசினுக்கு ஐஸ் இல்லை. காலையில் விழுந்த குடல் மேல் பத்து மணிக்கு விழுந்த குடல் விழும், அதன் மேல் மதியத்துடையது. யாராவது நாய்க்கென்று கேட்டு வரும்போது எல்லாம் ஒரே பையில் ஏறும்.

சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் உயிரோடு இருக்கும்வரை அது தீங்கற்றது. செத்தபின், மீனின் செவுளிலும் குடலிலும் குடியிருக்கும் சில பற்றீரியாக்கள் ஒரு நொதியைச் சுரந்து ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றும். 4 பாகை செல்சியசுக்குக் கீழே இந்த வேலை மிக மெதுவாக நடக்கும். புத்தளத்தின் 30 பாகை வெயிலில் சில மணி நேரமே போதும். மோசமான செய்தி இனிமேல்தான் வருகிறது: ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் அவித்தாலும் பொரித்தாலும் தகரத்தில் அடைத்துச் சூடேற்றினாலும் அழியாது. உறைய வைத்தாலும் அப்படியே இருக்கும். கிருமி செத்துவிடும், கிருமி செய்து வைத்த பொருள் செத்துவிடாது. பழைய சூரையைத் தின்று முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு நடப்பது இதுதான். மனித உணவுக்கான ஐரோப்பிய விதியில், இப்படிப்பட்ட மீனிலிருந்து ஒன்பது மாதிரிகள் எடுத்துச் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, எந்த ஒன்றும் 200-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். செல்லப்பிராணி உணவில் ஹிஸ்டமினை அளப்பதற்கு வேறொரு பயனும் உண்டு. மூலப்பொருள் எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கும். எவ்வளவு வாசனைப் பொருள் சேர்த்தாலும் அதை மறைக்க முடியாது.

இதே ஹிஸ்டிடின் வேறொரு வழியிலும் வம்பு செய்யும். பழுதாகத் தொடங்கிய கருஞ்சதை மீனை மிகையான சூட்டில் வாட்டி மீன்தூள் செய்தால் கிசெரோசின் என்ற பொருள் உண்டாகும். 1983-இல் யப்பானிய ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்தத் தூளைத் தின்னும் கோழிக்குஞ்சுகளின் இரைப்பை அரித்துப் புண்ணாகிக் கறுப்பாகக் கக்கிச் சாகும். மீன்கரையில் தொடங்கிய கவனக்குறைவு கோழிப் பண்ணையில் போய் முடிவது இப்படி.

பச்சை மீனின் தொல்லை இதற்கு நேர் எதிரானது. சாளை இனத்து மீன்கள் சிலவற்றிலும், மட்டி, இறால் வகைகள் சிலவற்றிலும் தயமினேஸ் என்ற நொதி உண்டு. உயிர்ச்சத்து பி1-ஐ அது உடைத்துப் போடும். 1930-களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செஸ்டெக் என்பவரின் பண்ணையில், உரோமத்துக்காக வளர்த்த நரிகளுக்குப் பச்சை மீனைப் போட்டார்கள். நரிகள் தள்ளாடி, கால் இழுபட்டு, வலிப்பு வந்து செத்தன. அந்த நோய்க்கு இன்றும் செஸ்டெக் வாதம் என்றே பெயர். பச்சை மீன் மட்டும் தின்று வளரும் பூனைக்கும் இது வரும். தலை முன்பக்கமாக மடங்கித் தாடை நெஞ்சில் படும், கண்மணி விரிந்து நிற்கும். ஆனால் இந்த நொதி ஒரு புரதம். நன்றாக அவித்தால் ஒழிந்துவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுக்குச் சூடு மருந்து. மற்றதற்குச் சூடு எந்த உதவியும் செய்யாது, ஐஸ் மட்டுமே உதவும். "நன்றாக அவித்துத்தான் கொடுக்கிறோம்" என்பது பாதி விடை.

சூட்டுக்கும் ஐஸுக்கும் கட்டுப்படாத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. உலோகம். யப்பானின் மினமாத்தா குடாவில் 1950-களில் முதலில் நோயுற்றவை பூனைகள். மீனவ வீடுகளின் மீன் எச்சத்தைத் தின்ற பூனைகள் சுழன்று சுழன்று ஆடின, சுவரில் மோதின, கடலில் விழுந்து செத்தன. 1956 மே மாதம் மனித நோயாளிகள் அதிகாரபூர்வமாகப் பதிவானார்கள். 1959-இல், அந்தக் குடாவில் கழிவு நீரை விட்ட சிசோ இரசாயன ஆலையின் சொந்த வைத்தியசாலையில் இருந்த வைத்தியர் ஹொசோகாவா, ஆலையின் கழிவு நீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். அவருடைய குறிப்பேட்டில் அது 400-ஆவது பூனை. அதே நோய் வந்தது. நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை. பாதரசமே காரணம் என்று யப்பானிய அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று.

நம் கரையில் கவனிக்க வேண்டிய உறுப்பு குடல் அறை. மீனின் ஈரலிலும், கணவாயின் சீரணச் சுரப்பியிலும், நண்டு ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதியிலும் கட்மியம் போன்ற உலோகங்கள் சதையைவிடப் பல மடங்கு சேரும். மனிதர் சதையைத் தின்று குடலைத் தள்ளிவிடுவதால் அந்தப் பங்கு முழுவதும் நாய், பூனையின் தட்டுக்கு வருகிறது. கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் 2011 முதல் நிலக்கரி மின் நிலையம் இயங்குகிறது. இன்று அதன் கொள்ளளவு 900 மெகாவாட். நிலக்கரியில் சிறிதளவு பாதரசம் உண்டு, எரிக்கும்போது அது வெளியேறும். இதை வைத்துக் களப்பு மீன் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இந்தக் கரையின் மீனையும், குறிப்பாக அதன் ஈரலையும், ஆண்டுதோறும் அளந்து எண்களை மக்கள் முன் வைக்க வேண்டும் என்பதே பொருள்.

இறால் தலை யாருக்கு ஆபத்து?

எச்சத்துக்கான சட்டம் என்றவுடன் அதைத் தின்னும் விலங்கின் நலனைத்தான் நினைக்கிறோம். புத்தளத்தின் இறால் தலை வேறு பாடம் சொல்கிறது.

1980-களில் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட களப்போரங்களில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் அழிந்தது, பணம் வந்தது. 1996-இல் வெண்புள்ளி நோய் வந்தது. இறாலின் ஓட்டில் உப்புக் கல் போலச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தோன்றும்; இறால் கரையோரம் ஒதுங்கும்; சில நாட்களில் குளமே வெறுமையாகிவிடும். 1998-இல் திரும்பவும் பேரழிவு. கடன் வாங்கிக் குளம் வெட்டியவர்கள் குளத்தை அப்படியே விட்டுப் போனார்கள். இன்றும் முந்தல் பக்கம் வெறும் உவர்க்குழிகளாகக் கிடப்பவற்றில் பல அந்தக் காலத்தவை.

அந்த வைரஸ் மனிதரையும் நாயையும் பூனையையும் ஒன்றும் செய்யாது. நோயுற்ற இறாலின் தலையைப் பூனை நிம்மதியாகத் தின்னலாம். ஆபத்து தலை போகும் வழியில் இருக்கிறது. நோயுற்ற இறாலின் பச்சைச் சதையை இன்னொரு இறாலோ நண்டோ தின்றால் நோய் தொற்றும். பதனிடும் இடத்தில் கழற்றிய தலைகளை வாய்க்காலில் கொட்டினால், அல்லது காகம் தூக்கிக்கொண்டு போய் வேறொரு குளத்தில் போட்டால், முழு வலயமும் போய்விடும். இங்கே களப்புகள் மூன்றையும் ஒல்லாந்தர் கால்வாய் இணைக்கிறது. ஒரு பண்ணை வெளியேற்றும் நீர்தான் அடுத்த பண்ணை உள்ளே இழுக்கும் நீர். அவுஸ்திரேலியா இதை 2016-இல் கற்றுக்கொண்டது. குயின்ஸ்லாந்தின் லோகன் நதிப் பண்ணைகளில் அந்த நாடு அதுவரை பண்ணைகளில் கண்டிராத வெண்புள்ளி நோய் புகுந்தது. சமையலுக்கென்று இறக்குமதியான பச்சை இறாலைத் தூண்டில் இரையாக ஆற்றில் போட்டது காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுவாக எழுந்தது.

இத்தனைக்கும் இந்த வைரஸ் சூட்டுக்கு மிகவும் பயந்தது. 60 பாகையில் ஒரு நிமிடத்துக்குள் செயலிழந்துவிடும். தலையைக் கழற்றிய இடத்திலேயே ஒரு கொதி கொதிக்க வைத்துவிட்டால், டோரினும் புரதமும் நிறைந்த உணவு பூனைக்குக் கிடைக்கும். அடுத்த ஊர்க் குளமும் தப்பும். ஒரு விதி இரண்டு உயிரையும் காக்கும் இடம் இது. எச்சச் சட்டத்தை இந்தக் கரையில் எங்கிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டால் இங்கிருந்து என்றுதான் சொல்வேன்.

செத்த கோழியும் அறுத்த கோழியும்

ஐரோப்பாவுக்கு இந்த அறிவு மலிவாகக் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் 1986-இல் பசுக்களுக்கு மூளை சல்லடையாகும் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மாட்டெலும்பையும் சதைத்தூளையும் மாட்டுக்கே தீவனமாகப் போட்டதால் பரவிய நோய் அது. 1988-இல் அந்தத் தீவனத்தைத் தடை செய்தார்கள். 1990-இல் பிறிஸ்ரல் நகரில் மக்ஸ் என்ற சியாமியப் பூனை அதே வகை நோயால் செத்தது. மாட்டு நோய் மாட்டோடு நிற்கும் என்று அதுவரை சொல்லிவந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். பிற்பாடு அந்நாட்டில் தொண்ணூறுக்குக் கிட்டப் பூனைகளில் அந்த நோய் உறுதியானது. 1996-இல் மனிதருக்கும் வந்துவிட்டது என்று அரசே அறிவிக்க வேண்டி வந்தது.

அந்த அடியிலிருந்து பிறந்தது 2002-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதி. 2009-இல் அதை நீக்கி 1069 என்ற இலக்கத்தில் புதிய விதி கொண்டுவந்தார்கள். அதன் உயிர்நாடி மூன்று வகுப்புகள். முதல் வகுப்பில் மூளை, முள்ளந்தண்டு வடம் போன்ற ஆபத்தான மாட்டுப் பாகங்களும், செத்துப்போன செல்லப்பிராணிகளின் உடல்களும் வரும். இரண்டாம் வகுப்பில் பண்ணையில் தானாகச் செத்த விலங்கும் சாணமும் வரும். மூன்றாம் வகுப்பில் நலமான விலங்கை மனித உணவுக்காக அறுத்தபின் மனிதர் வேண்டாம் என்று விட்ட பாகங்கள் வரும்: ஈரல், இரைப்பை, கோழிக்கால், மீன் தலை, இறால் ஓடு. பொதுவாக நாய், பூனை உணவுக்குள் மூன்றாம் வகுப்பு மட்டுமே நுழையலாம். தகரத்தில் அடைக்காத பதனிட்ட உணவு என்றால் உள்ளே எங்கும் 90 பாகை ஏற வேண்டும். முடித்தபின் எடுக்கும் ஐந்து மாதிரிகளில், ஒவ்வொன்றின் 25 கிராமிலும் சல்மொனெல்லா இருக்கவே கூடாது.

இந்த வகுப்புப் பிரிப்பு பொருளின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை. அறுத்த கோழியின் ஈரலும் செத்துக் கிடந்த கோழியின் ஈரலும் பார்வைக்கு ஒன்றாக இருக்கலாம். ஒன்று மூன்றாம் வகுப்பு, மற்றது இரண்டாம் வகுப்பு. அந்த வித்தியாசத்தைக் காட்டக்கூடியது கடிதாசி மட்டுமே: எந்தப் பண்ணை, எந்த நாள், யார் பரிசோதித்தார். உலர்த்தி இடித்துத் தூளாக்கியபின் எந்த ஆய்வுகூடத்தாலும் அதைச் சுலபமாகத் திருப்பிச் சொல்ல முடியாது.

தாய்லாந்தின் சிறீராச்சாப் புலிப் பண்ணையில் 2004 ஒக்ரோபரில் நடந்ததை மறக்கக் கூடாது. அங்கே 441 புலிகள் இருந்தன. பறவைக் காய்ச்சல் பரவிய காலத்தில் அவற்றுக்குப் பச்சைக் கோழி போடப்பட்டது. 147 புலிகள் நோயால் செத்தன அல்லது கொல்லப்பட்டன. புலிக்கு வந்தது அதன் சின்ன உறவான வீட்டுப் பூனைக்கும் வரும். கோழி வெக்கையில் செத்ததா நோயில் செத்ததா என்று பண்ணைக்காரரால் கண்ணால் சொல்ல முடியாது. அதனால் செத்த கோழியை யாருடைய நாய்க்கும் கொடுக்கக் கூடாது; குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே கிடையாது.

ஆடு, மாடு அறுக்கும் இடத்துக்கும் ஒரு விதி உண்டு. ஈரலிலோ நுரையீரலிலோ நீர் நிறைந்த வெள்ளைக் கட்டி இருந்தால் அதற்குள் நாய் நாடாப்புழுவின் குஞ்சுகள் இருக்கலாம். நாய் அதைத் தின்றால் புழு வளர்ந்து, முட்டை நாயின் மலத்தோடு வெளியேறி, குழந்தையின் கை வழியாக உள்ளே போய் மனிதரின் ஈரலில் அதே கட்டியை உண்டாக்கும். ஐஸ்லாந்து இந்த நோயால் 19-ஆம் நூற்றாண்டில் கடுமையாக வாடியது. அறுத்த எச்சத்தை நாய்க்குப் பச்சையாகப் போடாதே என்று மக்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியும் சட்டம் போட்டும் அதை ஒழித்தார்கள். ஹஜ் பெருநாளில் குர்பான் கொடுக்கும் ஊர்களில் கழிவைப் புதைக்கும் ஏற்பாட்டைப் பள்ளிவாசல் நிர்வாகமும் பிரதேச சபையும் முன்கூட்டியே செய்து வைக்க இந்த ஒரு காரணமே போதும்.

எழுத வேண்டிய விதி

இலங்கையில் அடித்தளம் இல்லாமல் இல்லை. 1986-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்க விலங்குத் தீவனச் சட்டம் தீவனத்தைச் செய்வது, இறக்குவது, விற்பது எல்லாவற்றையும் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. 2016-இல் அதைத் திருத்தினார்கள். பேராதனையில் தலைமையகம் கொண்ட கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் அதை நடைமுறைப்படுத்துகிறது. நோய்த் தடுப்புக்கு 1992-ஆம் ஆண்டின் 59-ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருக்கிறது. இறால் பண்ணையைப் பார்க்க, நெக்டா எனப்படும் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை இருக்கிறது. வெட்டுமேசையும் இறைச்சிக் கடையும் பிரதேச சபையினதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரினதும் பொறுப்பு. நான்கு கைகள் இருக்கின்றன; பேசின் நான்கு கைகளுக்கும் நடுவில் கிடக்கிறது. மீன் வெட்டப்படும்வரை அது மனித உணவு, தீவனப் பையில் ஏறியபின் அது தீவனம். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்துக்கு ஒரு பொறுப்பாளரை நியமிப்பதுதான் முதல் வேலை.

ஐரோப்பிய விதியை அப்படியே பெயர்த்து இங்கே நட்டால் அது முளைக்காது. அந்த விதி ஆலைகளுக்காக எழுதப்பட்டது. நம் கரையில் இது ஒரு பெண் ஒரு கத்தியோடும் ஒரு பேசினோடும் செய்யும் தொழில். தலையையும் குடலையும் விற்று வரும் சில்லறை அவளுடைய பஸ் காசு. அந்தக் காசைப் பறிக்கும் எந்த விதியையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அவளுக்கு இரண்டு பேசின் கொடுக்கலாம். ஒன்றில் தலையும் முள்ளும் ஐஸோடு. அது நாய், பூனைக்கு. மற்றதில் குடலும் செவுளும். அது வேறு வழிக்கு. இறங்குதுறையில் பெரிய அவிப்புக் கொப்பரை ஒன்று இருந்தால் போதும், சூடு அளக்க ஒரு வெப்பமானி இருந்தால் போதும். அவித்ததைப் பச்சை வைத்த பேசினிலேயே திரும்பப் போடாமல் இருப்பதுதான் அதில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். 90 பாகையில் கொன்ற சல்மொனெல்லா கழுவாத ஒரு பேசின் வழியாகத் திரும்பி வந்துவிடும். அந்த மீனோடு சோற்றைப் பிசையும் கை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் கை.

குடலுக்கும் பழுதானதற்கும் வழி இருக்கிறது. அரைத்த மீன் கழிவில் எடைக்கு நூற்றுக்கு மூன்று பங்கு போமிக் அமிலம் கலந்து மூடி வைத்தால், மீனின் சொந்த நொதிகளே சில நாட்களில் அதைக் கூழாகக் கரைத்துவிடும். pH அளவு 4-க்குக் கீழே இருக்கும்வரை பழுதாக்கும் கிருமி அதில் வளராது. சைலேஜ் எனப்படும் இந்தக் கூழுக்கு மின்சாரம் வேண்டாம், கொப்பரை வேண்டாம், ஒரு பிளாஸ்ரிக் பீப்பாய் போதும். தென்னந்தோப்புக்கு உரமாகும், ஹிஸ்டமின் குறைந்த புதுக் கழிவில் செய்தது தீவனமாகவும் ஆகும். சிலாபத்திலிருந்து தெற்கே தென்னைக்குக் குறைவில்லை. கோழிக் கழிவுக்குக் கேரளத்தைப் பார்க்கலாம். அங்கே பல மாவட்டங்களில் கோழிக்கடைக் கழிவைச் சேகரித்து உருக்கும் ஆலைகளை அமைத்திருக்கிறார்கள். ஆற்றங்கரையில் சாக்கு மூட்டையாக வீசப்பட்டது இப்போது புரதத்தூளாகவும் கொழுப்பாகவும் வெளியே வருகிறது.

இதெல்லாம் நம் ஆட்களிடம் நடக்காது என்று சொல்பவர்களுக்குப் புத்தளமே விடை சொல்லியிருக்கிறது. வெண்புள்ளி நோயால் நொந்த இறால் பண்ணைக்காரர்கள் பின்னாளில் சங்கங்களாகச் சேர்ந்து, நெக்டாவோடு உட்கார்ந்து ஒரு நாட்காட்டி போட்டார்கள். எந்த வலயம் எந்த மாதம் குஞ்சு விடுவது, எந்த மாதம் குளத்தைக் காய விடுவது என்று பிரித்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கால்வாய் நீரை இழுப்பதும் விடுவதும் குறைந்தது. அந்த ஏற்பாட்டில் பெரும் பங்கு சிறு பண்ணைக்காரர்களுடையது. பக்கத்துக் குளத்துக்காரன் அழிந்தால் தானும் அழிவோம் என்று தெரிந்த இடத்தில் விதிக்குக் காவல்காரர் அதிகம் தேவைப்படுவதில்லை.

2022-இல் டொலர் தட்டுப்பாடு வந்து, 200 ரூபாவாக இருந்த டொலர் 360-ஐத் தொட்டபோது, இறக்குமதிப் பையில் வந்த நாய், பூனை உணவின் விலை பலருக்கு எட்டாமல் போனது. சந்தைத் தலைக்கும் கோழிக்காலுக்கும் அன்று வந்த மதிப்பு நியாயமான மதிப்பு. உள்ளூர் எச்சத்திலிருந்து உள்ளூர் உணவு செய்ய இதைவிட நல்ல காரணம் வேண்டாம். செய்பவர் ஒருவர் தன் பொதியின் மேல் "மீன் கழிவு" என்று பொதுவாகப் போடாமல் "சூரைத் தலை, சிலாபம், வெட்டிய நாள் இது, அவித்த சூடு இது" என்று போட வேண்டும். 1986-ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அந்த நான்கு விவரங்களையும் கட்டாயமாக்கி, செத்த கோழியையும் பச்சை இறால் தலையையும் பெயர் சொல்லித் தடுத்து, கால்நடைத் திணைக்களமும் நெக்டாவும் சேர்ந்து ஒழுங்குவிதி ஒன்றை எழுத வேண்டும். அது வரும்வரை, அவித்த மீன் பொதி வாங்கும்போது என்ன மீன், எப்போது வெட்டியது, ஐஸில் இருந்ததா என்ற மூன்று கேள்விகளையும் நீங்களே கேளுங்கள். விடை தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.